கண்ணைத் திறந்து ஒரு ஜெபம்

பிப்ரவரி 9

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. எனக்கும் கொஞ்ச நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டு, சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் கரகரவென்று ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று குரலைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நம் சபையில் தூண் பக்கத்து வரிசை காலியாகக் கிடக்கிறது. காது கேளாதவர்களுக்கென்று நான் ஒதுக்கிய வரிசை. அவர்கள் முன்னால் நீ உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கையால் சொல்லிக்கொண்டிருப்பாய். இப்போது நீயும் இல்லை, அவர்களும் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மூடிப்போன ஒரு சலூனை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறாய் என்று கேள்விப்பட்டேன். சலூனிலா என்று இரண்டு தடவை கேட்டேன்.

அன்று நடந்ததை நீயே நினைத்துப் பார். ஜெப வேளையில் விளக்குகள் மெல்ல மெல்ல மங்கி அணைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசை என்றுகூடச் சொல்லமாட்டேன், ஆண்டவர் தந்த தரிசனம். பக்கத்தில் இருப்பவர் முகம் மறைந்து அவர் ஒருவரே நம் முன் நிற்க வேண்டும். அந்தப் புது விளக்குகள் வந்த இரண்டாவது ஞாயிறு அது. நீ ஜெபத்தின் நடுவில் எழுந்து விறுவிறுவென்று நடந்து போய் மொத்த விளக்கையும் போட்டாய். சபை முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு முதலில் உன்னைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நாலு பேர் முன்னால் சொந்தத் தங்கையால் தலைகுனிந்து நின்றேன்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? உங்கள் வரிசையில் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடச் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்வதைத்தானே சொன்னேன்.

அப்பா அம்மா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். அந்தக் கைமொழிப் படிப்புக்கு உன்னை அனுப்பியவனும் நான். நன்றியை நான் கேட்டு வாங்கக் கூடாது, தெரியும். ஆனால் ஒருவர் அதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

திரும்பி வா. கமிட்டியாரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் போதும். புதன்கிழமை சாயங்காலம் உன் அண்ணி பழக்கதோஷத்தில் உனக்கும் சேர்த்து டீ போட்டுவிடுகிறாள்.

உன் அண்ணன்

பிப்ரவரி 16

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றி. (இந்த வார்த்தையை முதலிலேயே எழுதிவிட்டேன், பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.)

உங்களுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. ஆனால் என்ன நடந்தது என்றே தெரியாமல் கோபப்படுகிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

நீங்கள் பிரசங்கம் பண்ணும்போது சபையார் எல்லோரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஆட்கள் கண்ணை மூடுவது அதுதான். ஜெபம் அவர்களுக்கு என் கையில் இருந்து கண் வழியாகப் போகிறது. கண்ணை மூடினால் அந்த நிமிஷமே ஜெபத்தை விட்டு வெளியே போய்விடுவார்கள். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் அவர்களுடைய பயபக்தி.

அன்று விளக்கு மங்க ஆரம்பித்தது. என் கை அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் மைக்கில், "தூண் பக்கத்துல ஒருத்தர் மட்டும் கண்ணத் திறந்து வச்சிருக்கார். ஆண்டவர் சந்நிதியில கொஞ்சம் பயம் வேணும்" என்றீர்கள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவரைத்தான் சொன்னீர்கள். எல்லோரும் பல்காரர் என்று கூப்பிடுவோமே, அவர். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் என் தோளைத் தட்டி, போதகர் என்ன சொல்றார் என்று கேட்டார். உங்கள் வாயிலிருந்து வருவதை ஒன்றுவிடாமல் சொல்வது என் வேலை. அதை அவரிடம் சொல்ல என் கை எழவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் போய் விளக்கைப் போட்டேன். வருத்தம் சொல்லமாட்டேன்.

நன்றி என்றால், அண்ணா, இவர்கள் அளவுக்கு நன்றி சொன்னவர்கள் அந்தச் சபையில் யாரும் இல்லை. ஆண்டு விழாவுக்கு மேடையில் ஏற்றிக் கையால் ஒரு பாட்டுப் பாட வைப்பீர்கள். விருந்தாளிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். பாட்டு முடிந்ததும் இறங்கித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும். தூணுக்குப் பின்னால், அண்ணா. பார்த்தே கேட்க வேண்டியவர்களுக்கு நீங்கள் ஒதுக்கிய இடம் அது. வருஷமெல்லாம் வாங்கிக்கொண்டே இருந்து, நன்றி சொல்லிச் சொல்லியே அவர்களுக்குக் கை வலித்துவிட்டது.

சலூன் என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடி. யார் எங்கே உட்கார்ந்து கையை அசைத்தாலும் எல்லோருக்கும் தெரியும். இதைவிட நல்ல ஆலயம் இவர்களுக்கு யாரும் கட்டித் தர முடியாது. பழைய முதலாளி விட்டுப்போன சுழல் நாற்காலி ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் தினமும் சண்டை. மாடியில் குடியிருப்பவர் முதல் வாரமே இறங்கி வந்துவிட்டார். "காது கேக்காதவங்க கூட்டம்னு சொன்னீங்க, அமைதியா இருக்கும்னு நினைச்சேன். நாற்காலிய இழுக்கிற சத்தத்துல கூரையே பிச்சுக்கிட்டுப் போகுது" என்றார். அவர் சொன்னதை நான் கையால் சொன்னதும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் மறுபடியும் இறங்கி வந்தார்.

உங்களைக் கைமொழியில் குறிப்பிட இவர்கள் ஒரு கைப்பெயர் வைத்திருக்கிறார்கள். ரொம்ப நாளாக உண்டு. என்ன என்று சொல்லமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. டீயை வீணாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கை

மார்ச் 2

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். என்னை ஏதோ கொடுங்கோலன் மாதிரி எழுதியிருக்கிறாய்.

தூணைப் பற்றி நீ சொன்னது சரி. நான் யோசிக்கவில்லை. மற்றதில் எனக்குச் சம்மதம் இல்லை. வேறு எந்தச் சபையும் அவர்களை வாசலுக்குள் விடாத காலத்தில் கதவைத் திறந்தவன் நான். அதற்காகக் கமிட்டியில் எத்தனை பேச்சு வாங்கினேன் என்று உனக்குத் தெரியாது. வீடு கட்டிக் கொடுத்தவனிடம் ஜன்னல் கோணல் என்று குறை சொல்கிறாய்.

இரண்டு வாரமாகப் பிரசங்கத்துக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார். என் குரல் தேறவில்லை. டாக்டர் ஏதோ குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார், இன்னொரு பரிசோதனை வேண்டும் என்கிறார். பெரிதாக ஒன்றும் இருக்காது.

அந்தக் கைப்பெயர் என்ன? தெரிந்துகொண்டு நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

பெரிதாக ஒன்றும் இருக்காது என்று எழுதினீர்கள். நேற்று அண்ணி நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து நின்றார்கள். புற்று என்று சொன்னார்கள். குரல்வளையையே எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்று இந்த மாதிரிச் செய்தியைக் கையால் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம். நேற்று அண்ணி வாயால் சொன்னது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

சண்டை சண்டையாக இருக்கட்டும். இதையுமா என்னிடம் மறைப்பீர்கள்?

உங்களிடம் யாரும் பூசி மெழுகக் கூடாது என்று நினைக்கிறேன். பிழைத்துக்கொள்வீர்கள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவீர்கள். சாப்பிடலாம், நடக்கலாம். குரல் திரும்ப வராது. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி உண்டு, இயந்திரம் பேசுவதுபோல இருக்கும், எல்லோருக்கும் அது சரிப்படுவதில்லை.

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதினால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

தங்கை

மார்ச் 27

தங்கைக்கு,

வராதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் நான் உடைந்துபோவேன். ஆபரேஷன் முடியும்வரையாவது உடையாமல் இருக்க வேண்டும்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சாவுக்கு இல்லை. ஆண்டவர் என் கையில் கொடுத்தது ஒரே ஒரு கருவி. தச்சனுக்கு உளி மாதிரி எனக்குக் குரல். அதை அவரே திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்றால், உன் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்கிறாரா? கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை.

எத்தனை படுக்கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருப்பேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் சொல்லிப் பார்த்தேன். நாக்கில் இருந்து வந்தது, உள்ளே இருந்து வரவில்லை.

போன ஞாயிறு கடைசியாக ஜெபம் நடத்தினேன். குரல் பாதி காற்றாகப் போனது. கமிட்டியின் மூத்தவர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க ஐயா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வேறு போதகர் தேடுகிறார்கள் என்று அர்த்தம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒருவரும் கேட்க முடியாத ஜெபத்தை வைத்துக்கொண்டு ஒரு சபை என்ன செய்யும்?

ஏப்ரல் எட்டாம் தேதி ஆபரேஷன்.

அண்ணன்

ஏப்ரல் 5

அண்ணா,

இந்தக் கடிதம் ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் செய்தியை நேற்று சலூனில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் போன பிறகு பல்காரர் மட்டும் நின்றார். அவரை உங்களுக்குத் தெரியும். எப்போதும் சலவைச் சட்டை, முதலில் நம் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். ஏழு வயதில் காய்ச்சல் வந்து காது போனது. அதற்கு முன் பேசிப் பழகியவர், உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். நாங்கள் கையால் பேசியதை வாயால் பேசியதுபோல எழுதுகிறேன்.

"ஆபரேஷன் முடிஞ்சா வாய் இருக்குமா?" என்று கேட்டார்.

"வாய் இருக்கும்."

"உதடு, பல்லு?"

"எல்லாம் இருக்கும். சத்தம்தான் வராது. இனிமே அவர் பிரசங்கம் பண்ண முடியாது, ஜெபம் நடத்த முடியாது."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை, அண்ணா. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனக்கு அவர் சத்தம் எப்பவும் இருந்ததில்லையே. எனக்குத் தெரிஞ்ச போதகர் அப்படியே முழுசாத்தானே இருப்பார்?" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்று கேட்டார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தப் பாப்பா?"

"உங்க அண்ணன் வீட்டுப் பாப்பா. ரொம்ப நாளா உடம்பு சரியில்லையே. கேக்கணும்னு நினைப்பேன், கூச்சமா இருக்கும்."

அண்ணனுக்குக் குழந்தையே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. "வாராவாரம் அமைதியா ஜெபம் பண்ணச் சொல்லிட்டு அவரும் கண்ண மூடிக்குவாரே, அப்ப தூண் ஓரமா எட்டிப் பாப்பேன், அவர் உதடு மட்டும் அசையும். எல்லார் பேரையும் ஒவ்வொண்ணாச் சொல்லுவார். முதல்ல பாப்பா. அப்புறம் அவர் மனைவி. அப்புறம் எங்க வரிசை, ஒருத்தரையும் விடமாட்டார். அப்புறம்தான் கமிட்டி, மத்தவங்க எல்லாம். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு" என்றார்.

அண்ணா, அந்த மௌன ஜெபத்தில் நீங்கள் பெயர் சொல்லி ஜெபிப்பது எனக்குத் தெரியாது. சபையில் யாருக்குமே தெரியாது. எல்லோரும் கண்ணை மூடியிருப்போம். உங்கள் குரல் நிற்கிற அந்த நேரம்தான் என் கைகளுக்கு ஓய்வு என்று நானும் கண்ணை மூடிக்கொள்வேன். உங்கள் பக்கத்திலேயே இத்தனை வருஷம் இருந்துவிட்டு நான் பார்க்காததை அந்த மனுஷன் பார்த்திருக்கிறார்.

"என் மனைவி ஆஸ்பத்திரியில கிடந்த வாரம் என் பேரைச் சொல்லும்போது அவர் கன்னத்துல தண்ணி வழிஞ்சுது. அன்னிக்கு நான் முடிவு பண்ணிட்டேன், இந்த மனுஷன் ஜெபம் பண்ணும்போது கண்ணையே சிமிட்டக் கூடாதுன்னு. மூடினா அவரை யாரு பாத்துக்குவாங்க?" என்றார்.

புது விளக்கு வந்ததும் உங்கள் முகம் இருட்டில் போய்விட்டது. அந்த ஞாயிறு அவர் அவ்வளவு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். நீங்கள் பெயர்களைச் சொல்லும் நேரம் வருகிறதே என்று தேடிக்கொண்டிருந்தாராம். அந்தக் கண்களைத்தான் மூடச் சொன்னீர்கள்.

பாப்பா யார் என்று நான் அவரிடம் சொன்னேன். நாற்பது தாண்டி, தலையில் நரை வைத்துக்கொண்டு நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாப்பா ஆரோக்கியமாத்தான் இருக்கு" என்றார். சிரித்தேன். பிறகு அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் நான் அழுவது தெரிந்தது. உங்களிடம் சண்டை போட்டுக்கொண்டு போன அந்த ஞாயிறும் முதலில் என் பெயரைத்தான் சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

ஒருவரும் கேட்க முடியாத ஜெபம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வாழ்நாளில் செய்த நல்ல ஜெபம் எல்லாம் ஒருவரும் கேட்காத ஜெபம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் ஆண்டவர் ஒரு சாட்சியை வைத்திருந்தார், அதுவும் தூணுக்குப் பின்னால்.

பயப்படாமல் போய் வாருங்கள்.

பாப்பா

ஏப்ரல் 29

அன்புள்ள பாப்பா,

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். பாப்பா என்ற இடத்தில் அவளால் மேலே படிக்க முடியவில்லை. கடிதத்தை வாங்கி மீதியை நானே சத்தமாகப் படித்தேன். இருந்த குரலை எல்லாம் அதற்கே செலவழித்துவிட்டேன். பிரசங்கத்துக்கு மிச்சம் வைக்கவில்லை.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பெயர்கள் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தவை என்று இருந்தேன். அத்தனை வருஷமும் எதிரில் ஒரு ஜோடிக் கண்கள் திறந்திருந்தன. மேலே இருந்து பார்க்கிற ஒருவரைப் பற்றி வாரம் தவறாமல் பேசியிருக்கிறேன். எதிரே இருந்து பார்க்கிற ஒருவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வாயைத் திறந்தேன், ஸ்தோத்திரம் என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இந்தத் தடவை உள்ளே இருந்து வந்தது.

நடக்க விட்டதும் சலூனுக்கு வருகிறேன். எந்தப் பஸ் என்று எழுது. அவரைப் பார்க்க வேண்டும். அந்தச் சுழல் நாற்காலியில் மட்டும் என்னை உட்கார வைக்காதே.

உன் அண்ணன்

ஜூன் 16

அண்ணா,

சுழல் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதைவிட்டு உங்களை எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் போன பிறகு, உங்கள் உதட்டைப் படித்துக் கையால் சொல்ல முடியுமா என்று பல்காரர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். உங்கள் உதட்டில் பாதி அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதாம். மீதியை இத்தனை வருஷப் பழக்கத்தில் யூகித்துவிடுகிறாராம். "உங்க அண்ணன் புதுசா என்னத்தச் சொல்லிடப் போறார்" என்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரியில் கண்டபடி வளர்ந்துவிட்ட மீசை மேலுதட்டை மூடுகிறதாம், அதை வெட்டியாக வேண்டுமாம். அந்த மீசை மேல் உங்களுக்கு உள்ள பிரியம் எனக்குத் தெரியும், அதனால்தான் நேரில் சொல்லாமல் எழுதுகிறேன்.

கமிட்டியின் மூத்தவர் என்னைத் தேடி வந்தார். புதுப் போதகர் இன்னும் அமையவில்லை. ஜூலை முதல் ஞாயிறு நீங்களே ஜெபம் நடத்த முடியுமா, சபையார் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார். பார்க்க என்றுதான் சொன்னார், கேட்க என்று சொல்லவில்லை. உங்களை மரியாதையாக வழியனுப்பப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். எப்படி நடத்துவது என்று நாங்கள் யோசித்துவிட்டோம். உங்கள் உதட்டைப் பல்காரர் பார்ப்பார், கையால் சொல்வார். அவர் கையை நான் பார்த்து வாயால் சொல்வேன். காது கேட்கிறவர்களுக்காக, பாவம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. சபை சிரித்துவிட்டால் உங்களால் தாங்க முடியாது, எனக்கும் முடியாது.

கைப்பெயரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து டப்பென்று மூடிக்கொள்ளும். கண்ணை மூடு. அதுதான் நீங்கள். எப்போதும் அதைத்தானே சொல்வீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பா

ஜூலை 8

பாப்பா,

கோபித்துக்கொள்ளவில்லை. மீசையும் போய்விட்டது. அண்ணி என்னைப் பார்த்து யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்தப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ என் பக்கத்திலேயே இருந்தாய், பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ பல்காரர் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. அவர் என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சபையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். நீ பார்க்காததைச் சொல்ல எனக்குக் குரல் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

விளக்கு எதையும் அணைக்க வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். தூண் பக்கத்து வரிசையார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உதட்டை அசைத்தேன். ஆரம்பத்தில் என்னவோபோல் இருந்தது. நான் சொல்வது அவர் கைக்குப் போய், உன் வாய்க்கு வந்து, கொஞ்சம் பிந்தி என் காதிலேயே விழுந்தது. பின்வரிசையில் ஓரிருவர் இருமினார்கள். மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். வழியனுப்பு விழாதான் என்று எனக்கும் தோன்றியது. நடுவில் நான் சொன்னதில் பாதியைப் பல்காரர் விழுங்கிவிட்டார், கவனித்தாயா? பிறகு கேட்டேன். ஏற்கெனவே சொன்னதுதான், அதனால் சுருக்கினேன் என்கிறார். என் பிரசங்கத்துக்குக் கத்திரி போட இத்தனை வருஷமாக யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

மௌன ஜெபம் வந்தது. எல்லோரும் வழக்கம்போலக் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மூடினால் பல்காரரும் நானும் பிரிந்துவிடுவோம். வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். அவை எப்போதும்போல எனக்குள்ளேயே நிற்கும் என்று நினைத்தேன். உதடு அசைந்தால் பல்காரர் கை அசையும் என்பதை மறந்துவிட்டேன். அவர் இரண்டு கைகளையும் மடித்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டினார்.

நீ எதுவும் சொல்லவில்லை. அவர் மறுபடியும் தாலாட்டினார். விடமாட்டேன் என்கிற மாதிரி உன்னைப் பார்த்தார். ஒன்றுவிடாமல் சொல்வது உன் வேலை அல்லவா. சபை முழுக்க அமைதியாக இருக்க, "பாப்பா" என்று நீயே சொன்னாய். உன் குரல் உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. அடுத்து அண்ணி பெயர். அடுத்து முன்வரிசை, ஒவ்வொருவராக.

இனிமேல்தான் நீ பார்க்காதது.

கமிட்டி மூத்தவர் பெயரை நீ சொன்னதும் அவர் கண்ணைத் திறந்தார். யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர் பெயர். அவரும் திறந்தார். பின்வரிசையில் இருமியவர் திறந்தார். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத அந்தக் குடும்பத்தின் பெயர்கள் வந்தன, கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். ஐந்து பேரும் திறந்தார்கள். நீ சொல்லச் சொல்ல, வரிசை வரிசையாக, காலையில் ஒவ்வொரு வீடாக ஜன்னல் திறப்பதுபோல அத்தனை கண்களும் திறந்துகொண்டே போயின. ஒருவரும் மறுபடி மூடவில்லை. தங்கள் பெயர் அத்தனை வாரமும் அங்கே சொல்லப்பட்டது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாப்பா, அந்த முகங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், கல்யாணம் செய்து வைத்தேன், அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போனேன். ஜெபிக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல், சரியாக அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். முகங்கள் மறைந்தால்தான் ஆண்டவர் தெரிவார் என்று விளக்கையெல்லாம் அணைத்தவன் நான். அவர் அந்த முகங்களில்தான் இருந்தார். குரல் இருந்திருந்தால் ஏதாவது பேசி அந்த நேரத்தைக் கெடுத்திருப்பேன்.

வாசலில் மூத்தவர் என்னிடம் வந்தார். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. அவருக்கும் குரல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், "அடுத்த வாரமும் இப்படியேதானே ஐயா?" என்றார். தலையை ஆட்டினேன். நேற்று ஆள் வைத்து, விளக்கை மங்கவைக்கிற பொத்தானைக் கழற்றிவிட்டார். தூணை மட்டும் கழற்ற முடியாதாம், கூரை இறங்கிவிடுமாம்.

சலூனை மூடிவிடாதே. என் சபைக்கு உங்களைத் திரும்பக் கூப்பிட்டு நான் எழுதியதைக் கிழித்துப் போடு. காலையில் நீங்கள் இங்கே வாருங்கள், சாயங்காலம் நான் அங்கே வருகிறேன். உங்கள் ஆட்களிடம் நான் கற்க நிறைய இருக்கிறது. நன்றி என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன். தாடையிலிருந்து கை அவர்களை நோக்கிப் போக வேண்டும். நான் செய்தால் தாடி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று முன்வரிசை அம்மா கேலி செய்கிறார்கள். கண்ணாடி முன் நின்று பழகுகிறேன்.

பல்காரர் என் கைப்பெயரை மாற்றிவிட்டார். நீ கிளம்பிய பிறகு எல்லோரையும் கூட்டி அறிவித்தார். அதே இரண்டு விரல்தான், அதே கண்தான். முன்பு மூடிக்கொள்ளும், இப்போது திறக்கிறது.

இந்த ஞாயிறு மௌன ஜெபம் வரும்போது என்னையும் ஒரு நிமிஷம் பார். பல்காரர் கை அசையும்வரை காத்திருக்க வேண்டாம். உன் பெயர்தான் முதலில் வரும்.

அண்ணன்